இண்டர்கூலரும் என் வலது காதும்

அம்மாவுக்கு, பேச்சிராஜா வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் காய்ச்சல், சளி எதுவும் இல்லை. உன் முட்டி வீக்கம் வடிந்ததா?

நான் போனை எடுக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. ஒரு கஸ்டமருடைய டர்போ காரின் இண்டர்கூலரைத் தாராவி அறைக்கே கொண்டுவந்தேன். இன்ஜினுக்குப் போகும் சூடான காற்றைக் குளிரவைக்கிற அலுமினியப் பெட்டி அது. விரிசலைப் பசை வைத்து அடைத்தேன். இரண்டு வாயையும் ரப்பரால் மூடிக் காற்றேற்றி, தண்ணீரில் முக்கினால் கசிவு தெரிந்துவிடும். ஆனால் குழாயில் தண்ணீர் மறுநாள் காலைதான் வரும். பொறுக்க முடியாமல் காற்றை ஏற்றிவிட்டு, சீறல் கேட்கிறதா என்று வலது காதை வைத்தேன்.

"ஏல, மூடிக்கு கிளிப்பு மாட்டலையே, தலைய எடுல!" என்று கத்தினான் அறையில் கூட இருக்கும் இசக்கிமுத்து.

"சும்மா இருல, மெக்கானிக் நீயா நானா?" என்றேன். அதற்குள் ரப்பர் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது, காற்று காதுக்குள் அறைந்தது.

செவிப்பறையில் சின்ன ஓட்டை. தானாக மூடிக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். 'லாம்' என்றால் என்ன அர்த்தம்? மறுநாள் தண்ணீரில் முக்கிப் பார்த்தபோது இண்டர்கூலரில் ஒரு குமிழ்கூட வரவில்லை.

இடது காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் என்னை அறியாமல் கத்திப் பேசுகிறேன். போனில் கேட்டால் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பாய்.

காதில் எண்ணெய் ஊற்றச் சொல்லாதே. எள்ளுப்பொடி மட்டும் அனுப்பு, இசக்கிக்கும் சேர்த்து.

மாதக் கடைசியில் டாக்டர் காதில் வைத்த பஞ்சை எடுத்ததும் நானே கூப்பிடுகிறேன். எப்போதும்போல "சாப்ட்டியால?" என்று கேள். போனை வலது காதில் வைத்திருப்பேன். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

பேச்சி