உமக்குப் பாடாத பதிகம்

விதைக்குள் ஒடுங்கியும் வனமாய் விரிந்தும் நிற்கும் அம்பலவாணனே, என் சொல்லில் பொய் கலவாதிருக்க நீயே துணை.

நண்பரே,

இன்று காலை மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். வாசலில் உரலிட்டு மஞ்சளும் அறுகம்புல்லும் நல்லெண்ணெயும் சேர்த்து, இறந்தவருக்குச் சாத்தும் சுண்ணம் இடித்தார்கள். வழக்கம்போல் நான் அருகில் நின்று பதிகம் பாடினேன். உலக்கை விழ விழ எழுந்த அந்தப் பச்சை மணத்தில் உம் முகம் வந்து நின்றது. மூன்றாவது பாட்டில் குரல் தடுமாறியது. சளி என்று எண்ணி யாரோ வெந்நீர் கொடுத்தார்கள்.

பள்ளிவாசல் என்னும் மலையூரை ஒட்டிய இந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஓதுவார் கிடையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து கிள்ள வந்தவர்கள் இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். முப்பது ஆண்டுகளாக எந்த வீட்டில் சாவு என்றாலும் சுண்ணத்துக்குப் பாடுகிறவன் நான்தான். குடித்தே அழிந்தவனுக்குப் பாடியிருக்கிறேன். பெற்றவளை அடித்தவனுக்கும் பாடியிருக்கிறேன். பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற உமக்கு மட்டும் பாடவில்லை.

எல்லாம் அம்மன் கோயில் திருவிழா மலருக்கு நான் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. உயிர் புல்லாய், புழுவாய், மரமாய்ப் பிறவிதோறும் உடல் மாறி இளைப்பதைச் சொல்லும் அடியார் வாக்கை எடுத்துக்கொண்டு, மேல்நாட்டார் கண்ட பரிணாமத்தை நம்மவர் முன்பே பாடிவிட்டார்கள் என்று நிறுவியிருந்தேன். பலரும் பாராட்டினார்கள். மலர் வெளிவந்த மறுநாள் நீர் வீட்டுக்கு வந்தீர். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னீர்:

“அண்ணாச்சி, அது ஒரு மனுசன் பிறந்து பிறந்து களைச்சுப்போயி அழுத அழுகை. அத எதுக்கு உயிரியல் பாடமா ஆக்குதீக? ஒங்க பாட்டுக்கு எங்க புஸ்தகத்துல இருந்து சர்ட்டிபிகேட்டு எதுக்கு?”

நான் வேறு பக்கம் தாவினேன். இத்தனை நுட்பமான கண் தானாகவா அமைந்தது, அமைத்தவன் ஒருவன் இல்லாமலா என்று கேட்டேன். நீர் சிரித்துவிட்டுப் போய்விட்டீர். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கோயில் மண்டபத்தில், கமிட்டிக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தபோது, அதே கேள்வியை உரக்கக் கேட்டேன். சபையில் உம்மை மடக்க நினைத்தேன் என்பதே உண்மை.

நீர் ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் வரைந்து என்னிடம் நீட்டினீர். இடக்கண்ணைப் பொத்தி, வலக்கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவரச் சொன்னீர். ஓரிடத்தில் புள்ளி மறைந்தது. நான் வாய்விட்டு, “காணோமே” என்றுவிட்டேன்.

“மனுசக் கண்ணுக்குள்ள நரம்பு வெளிய போற எடத்துல பார்வை கெடையாது அண்ணாச்சி. கணவா மீனுக்கு இந்தக் கோளாறு இல்ல. படைச்சவரு நல்ல கண்ணக் கணவா மீனுக்குக் குடுத்துட்டு, மிச்சத்த நமக்கு வச்சாரோ?”

மண்டபமே சிரித்தது. என்னிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அம்மன் சந்நிதியைப் பார்த்துக் கைநீட்டி, “வாத்தியாரே, நீர் செத்தால் நான் பாட வரமாட்டேன்” என்றேன்.

“சரி அண்ணாச்சி. அப்ப நான் சாகாமப் பாத்துக்கிடுதேன்” என்றீர். அதற்கும் சிரித்தார்கள்.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஆடி மழையில், கோட்டயத்து ஆஸ்பத்திரியிலிருந்து உம் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உம் மகள் நனைந்தபடி என் வாசலுக்கு வந்து, அம்மா கூட்டிவரச் சொன்னார்கள் என்றாள். சந்நிதியில் சொன்ன சொல், மாற்றுவதற்கில்லை என்றேன். அவள் மழையிலேயே திரும்பிப் போனாள். அதன்பின் பூசையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். உரலில் இடிக்கும் ஓசை அங்கும் கேட்டது. போனில் யாரோ பாடிய பதிகத்தைப் போட்டார்களாம். நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்ததாம். இதைச் சொன்னவர் அதற்கும் சிரித்தார்.

உமக்கு ஆண்டு திரும்பிய அன்று, குளித்து, நீறணிந்து, உம் வீட்டுக்குப் போனேன். உம் படத்தின் முன் பாட அனுமதி கேட்டேன். உம் மனைவி முறுக்கும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். பிறகு நின்றபடியே சொன்னார்:

“வேண்டாம் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில வச்சு இவருகிட்ட நான் கேட்டேன், அண்ணாச்சி பாட வரமாட்டேன்னு சொல்லிட்டாகளே, என்ன செய்யன்னு. ‘அண்ணாச்சி கோவத்துல சொன்னது. கண்டிப்பா வருவாக’ன்னாரு. கடைசிவரைக்கும் அதத்தான் சொன்னாரு.”

நம்பிக்கையற்றவர் என்று ஊரெல்லாம் உம்மைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த மலையும் மழையும் நடத்துவார் இன்றி நடக்கின்றன என்று இன்றும் ஒப்பமாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரை தவறு. நான் மண்டியிட வேண்டிய பாடலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். நம்பாத நீர்தான் அதற்காக வருந்தினீர். உம்மேல் கோபமும் முழுதாகத் தீரவில்லை. அந்தத் தாளை என் வீட்டில் வைத்துக் காட்டியிருக்கலாம். சந்நிதியில் சொன்ன சொல்லைக் காத்தேன் என்று அன்று நெஞ்சை நிமிர்த்தினேன். நான் காத்தது என் சொல்லை அல்ல, என் தோல்வியை. இனி எந்தச் சாவு வீட்டில் வாய் திறந்தாலும் முதலில் வருவது உமக்குப் பாடாத அந்த அமைதிதான். அதை இறக்கிவைக்க இடம் இல்லை.

இதை வாசிப்போரே, நீங்களும் உங்கள் மனையும் மக்களும் நலமுற்று வாழ்க. உங்கள் வீட்டார் ஒருவரை வருவார் என்று எதிர்பார்த்தால், அவர் வருவாராக.