நாற்காலியில் உட்கார இரண்டு வருஷம்

அன்புள்ள மகன் வெஸ்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கர்த்தர் தயவில் நன்றாக இருக்கிறோம், அங்கே குளிர் உன் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று எழுது. வேலையை விட்டுவிட்டு கல்லூரியில் இரண்டு வருஷப் பொதுப் படிப்பில் சேரப் போகிறேன் என்று நீ போன் செய்த நாளிலிருந்து எனக்கு அதே கவலைதான். டகோட்டா எண்ணெய்க் கிணற்றில் நீ வாங்கும் சம்பளத்தை நம் ஓஹாயோ பக்கத்தில் யார் வாங்குகிறார்கள்? என்ன படிப்பு என்று நான் கேட்டதற்கு "ஏதாவது, பொதுவா" என்றாய். அதை அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. "நர்ஸுக்குப் படிச்சா நர்ஸு, வெல்டிங் படிச்சா வெல்டரு. பொதுவா படிச்சா? பொதுவா சுத்த வேண்டியதுதான்!" என்றார். நானும் சிரித்தேன்.

உன் அத்தை மகள் கேலாவை நினைத்துப் பார். இதே படிப்பைத்தான் முடித்தாள், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறாள். பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனால் அவள் படித்ததில் பாதியை எடுத்துக்கொள்ள மாட்டோம், மறுபடி படி என்றார்களாம். படிக்கப் போவதற்கு முன்னால் எந்தக் கடையில் கல்லாவில் நின்றாளோ அதே கல்லாவில்தான் இன்றும் நிற்கிறாள், கூடுதலாக வந்தது கடன் மட்டும்தான். போன வாரம் மனசு கேட்காமல் நீ சேரப் போகும் கல்லூரிக்கே போன் போட்டேன், கோபப்படாதே. போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் டாலர் ஆகும் என்றாள். இதை வைத்தே வேலை கிடைக்குமா என்றதற்கு, "இது வாசப்படி மாதிரிம்மா, இதுக்கு மேல ஏறினாத்தான் வீடு" என்றாள். வாசப்படியிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். வேண்டாம் கண்ணு, இன்னும் கொஞ்ச நாள் வேலையில் இரு என்று இதுவரைக்கும் எழுதி, மடித்து, உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

இன்று அதைப் பிரித்து மேற்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையில் எல்லோரும் சமைத்துக் கொண்டுவந்து சாப்பிட்டோம், நான் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோனேன். உன்னோடு வேலை பார்த்த லோனி வந்திருந்தான், ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறதாம். அவன் அம்மா ஆர்லெட்டா பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குக் கோழியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு இதென்ன செல்லம் என்று கேலி செய்ய வாயெடுத்தேன், அப்புறம்தான் அவன் வலது சட்டைக் கை காலியாக, மடித்து ஊசி குத்தியிருந்ததைப் பார்த்தேன். எண்ணெய்க் கிணற்று மேடையில் கையைச் சங்கிலி இழுத்து அறுத்துவிட்டதாம். நான் அந்தச் சட்டைக் கையையே பார்ப்பதைக் கண்டு லோனி, "வெஸ்லி உங்ககிட்டச் சொல்லலையாம்மா? அவன்தான் அறுந்துபோன என் கையைத் துணியில சுத்தி, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தான்" என்றான். எந்த நாள் என்று கேட்டேன். அவன் சொன்ன நாளுக்கு மறுநாள்தானடா நீ படிக்கப் போகிறேன் என்று எனக்குப் போன் செய்தாய். நாங்கள் சிரித்தோமே.

அதிலிருந்து போன் மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அப்பாவிடம் சொன்னேன், எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. மறுநாள் காபி குடிக்கும்போது தானாகவே, "அந்தப் படிப்பு ஒண்ணுத்துக்கும் ஆகலைன்னாலும் போகட்டும் வனெட்டா. ரெண்டு வருஷம் நாற்காலியில உக்காந்திருப்பான்ல" என்றார். போய்ச் சேர்ந்துகொள் கண்ணு. சேருவதற்கு முன்னால் எந்தெந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று பெரிய பல்கலைக்கழகத்தில் எழுதி வாங்கிக்கொள், கேலா செய்த தப்பைச் செய்யாதே. கார்டைத் தேய்த்துப் பணம் கட்டாதே, அப்பா தன் படகை விற்கப் போவதாகச் சொல்கிறார், தடுக்காதே. வகுப்பு தொடங்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் அந்த மேடையில் ஏறாதே. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

கர்த்தர் உன்னைத் தலைமுதல் கால்வரை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். இதற்குப் பதிலைப் போனில் தட்டி அனுப்பாதே. ஒரு பக்கமாவது தாளில் எழுதி அனுப்பு, உன் வலது கையால்.

உன் அம்மா,
வனெட்டா