சவப்பெட்டிக் கடை வாசலில் நிற்கும் பலகை

அனுப்புநர்:
மருந்துக்கடைக்காரர் மகன்,
கடைத்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைத்தெருவின் வரலாற்றுப் பலகை, நடந்துகொண்டிருக்கும் ஒரு கடையின் வாசலை அடைத்து நிற்பது, அதை அகற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நடந்துகொண்டிருக்கும் ஒரு கடையை மூடிய கடை என்று உங்கள் அலுவலகம் பொய் எழுதியது. பிறகு அதன் வாசலிலேயே பலகையை நட்டு, அந்தப் பொய்யை உண்மையாக்கி வருகிறது. பலகைக்கு இடம் காட்டியவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர். அவர் என் அப்பா.

2. அது சவப்பெட்டிக் கடை. இந்தச் சொல் எங்கள் தெருவில் யார் வாயிலும் வராது. சங்கக் கூட்டத்தில்கூட "அந்தக் கடை" என்றுதான் சொல்வார்கள். அதை நடத்துகிறவரைத் தெருவில் பெட்டிக்காரம்மா என்போம். கணவர் இறந்தபின் தனியாக நடத்துகிறார்.

3. பலகையைத் தாங்கள்தான் திறந்து வைத்தீர்கள். படித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பேக்கரி முன்பு குடை ரிப்பேர் கடையாக இருந்தது, வங்கி இருக்கும் இடத்தில் தையல் மெஷின் விற்றார்கள் என்பதெல்லாம் சரியாகவே இருக்கிறது. எங்கள் மருந்துக்கடைக்குத் தனிப் பத்தி, என் தாத்தாவின் புகைப்படம். வாழ்நாளில் டை கட்டாத தாத்தா அதில் டை கட்டியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், "தொட்டில் முதல் மூக்குக்கண்ணாடி வரை கிடைக்கும் தெரு". கண்ணாடி வாங்கியபின் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதுவும் ஆவதில்லை போலும். பெட்டிக்காரம்மாவின் கடைக்குக் கடைசியில் ஒரே வரி: "மரச்சாமான் கடை, தற்போது இயங்கவில்லை."

4. இந்தத் தவறு எங்கள் தெருவுக்கே உரியது என்பதால் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எதிரிலுள்ள பேக்கரிக்காரர் பெட்டிக்காரம்மாவிடம் போய், "பிறந்தநாள் கேக் வாங்க குழந்தைங்க வருதுங்க, நேரா அது கண்ணுல படுது. கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்றார். அன்றைக்கே அந்தம்மா தன் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டார். அதன்பின் ஏற்றவே இல்லை. வருகிறவர்கள் குனிந்து நுழைய வேண்டும். கஷ்டமாக இல்லையா என்று நான் கேட்டபோது, "இங்க வர்றவங்க யாரு தம்பி தலைய நிமித்திக்கிட்டு வர்றாங்க?" என்று சிரித்தார். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் யாரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. அவரும் "வாங்க" என்று வழியனுப்புவதில்லை.

தெருவுக்காக அவர் இறக்கிய அந்தப் பாதி ஷட்டரைக் காட்டித்தான் என் அப்பா தங்கள் பொறியாளரிடம், "அங்க வைங்க சார், பாதி மூடின கடைதானே" என்றார்.

5. பெட்டிக்காரம்மா தங்களுக்கு மனு கொடுத்தார். "நேரில் ஆய்வு செய்ததில் கடை மூடிய நிலையில் காணப்பட்டது" என்று பதில் வந்தது. ஆய்வு செய்தவர் குனிந்து பார்க்கவில்லை. பலகைக்கும் ஷட்டருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், பெட்டி போகாது. ஆகவே இப்போது எல்லாப் பெட்டிகளும் பின்பக்கச் சந்து வழியாகத்தான் வெளியே வருகின்றன. எதிர்ப்பக்கத்துப் பேக்கரியும் நாங்களும் குப்பைத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருக்கும் சந்து அது.

6. சென்ற மாதம் என் அம்மா இறந்துபோனார்.

அப்பாவும் நானும் பெட்டி வாங்கப் போனோம். ஒரே தெருவில் இத்தனை காலம் வியாபாரம் செய்தும் அப்பா அந்தக் கடைக்குள் கால் வைத்தது அன்றுதான். வெளியே எடுத்து வரும்போது சந்தின் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. நிமிர்த்தி, குப்பைத் தொட்டியின் மேல் சாய்த்து, பிறகு திருப்ப வேண்டியிருந்தது. காலிப் பெட்டிதான். ஆனாலும் அப்பா, "மெதுவா, மெதுவா, அவளுக்கு இடுப்பு வலி" என்றார்.

பெட்டிக்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டியைத் தன் கையாலேயே இழுத்து நகர்த்தினார். அதில் பேக்கரிக் குப்பையோடு எங்கள் கடையின் காலாவதியான மருந்துகளும் கிடந்தன. "மன்னிச்சுக்கங்கய்யா, முன்பக்கமா எடுத்துட்டுப் போக வழியில்லாம போச்சு" என்றார். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார், ஐயா. இடம் காட்டியது யார் என்று அவருக்குத் தெரியாது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கேக் க்ரீமை என் சட்டைக் கையால் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

7. காரியங்கள் முடிந்தபின் சங்கத்தின் பெயரில் தங்களுக்கு எழுதச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன். "இப்பப் போய் எடுக்கச் சொன்னா, ஏன் வச்சேன்னு கேப்பாங்கடா" என்றார். கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். "அந்தம்மா வேற எடம் பாத்துக்கட்டும்பா, வேணும்னா சாமான் ஏத்த நாமளே வண்டி புடிச்சுக் குடுப்போம்" என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். ஒருவரைத் துரத்துவதற்கு வண்டி பிடித்துக் கொடுப்பதை எங்கள் தெருவில் உதவி என்கிறோம். இந்தக் கூட்டத்தில் நானும் உறுப்பினர் என்பதை எழுத எனக்குக் கூசுகிறது.

வருகிறவர்கள் இப்போது மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள கடைக்குப் போகிறார்கள். பெட்டிக்காரம்மா தச்சரை நிறுத்திவிட்டார். இப்படியே போனால் மழைக்காலத்துக்குள் காலி செய்துவிடுவார். அதன்பின் தங்கள் பலகை சொல்வது முழு உண்மையாகிவிடும்.

8. ஆகவே பலகையை அங்கிருந்து அகற்ற வேண்டும். கடை மூடியிருந்ததாகச் சொன்ன ஆய்வு அறிக்கையைத் திரும்பப் பெற்று, அதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலகையை வேறிடத்தில் வைப்பதானால் "சவப்பெட்டிக் கடை, நடந்து வருகிறது" என்று அதில் எழுத வேண்டும். இடம் போதாவிட்டால் என் தாத்தாவின் படத்தை எடுத்துவிடலாம்; பேரன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இவற்றுக்கெல்லாம் கோப்பு நகர நாளாகும் என்று தெரியும். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தாங்களோ, குனிந்து பார்க்காத அந்த ஆய்வாளரோ ஒருமுறை வந்து, ஒரு காலிப் பெட்டியை என்னோடு அந்தச் சந்து வழியாகத் தூக்கி வர வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனையைப் பிடிக்க என்றைக்கு வருகிறீர்கள்?

தலைகுனிவுடன்,
(கையொப்பம்)
மருந்துக்கடைக்காரர் மகன்

இடம்: கடைத்தெரு
நாள்: ஜூன் 9