கையைக் கட்டிய துணி

வியாழன், இரவு.

ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வந்த மகன், யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "டாக்டருங்க ரெண்டு குழுவா பார்த்து ஒத்துக்கினா, அப்பா மூக்குல கீற டியூப எடுத்துடலாம்மா. சட்டமே வுடுது."

சட்டத்தை நானும் பேப்பரில் படித்தேன். "உங்கப்பா பசி தாங்க மாட்டாருடா" என்றேன்.

"அவரே புடுங்கறாரு. நீதான் கையக் கட்டி வெச்சுக்கினுகீற."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. கை தானாகத்தான் டியூபுக்குப் போகிறது என்கிறாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ். தானாகவா?

டியூபில் கஞ்சி ஊற்றிவிட்டு, கட்டை அவிழ்த்துக் கையைத் துடைத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா, தெரியவில்லை. விரலை உருவிக்கொண்டு மறுபடியும் கட்டினேன்.

முடிச்சு சரியாக விழவில்லை என்று தோன்றுகிறது. எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.