உடைந்த நீல வாளி

அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வீக்கம் வற்றியதா? தங்கச்சி சர்மிளா வற்றிவிட்டது என்கிறாள், எனக்கு நம்பிக்கையில்லை. போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே நிற்பாள், ஆகவேதான் கடிதம். இங்கே பூண்டுலோயா மலையில் நான் சுகம். மழைதான் விடவில்லை.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தது. கடைசி யுத்தத்தில் வன்னியில் இருந்த பதினான்கு வயதுப் பெண்பிள்ளையின் நாட்குறிப்பு. பொய்யைக் கண்டுபிடிக்கவே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

"ஷெல் விழுறப்ப எந்தப் பிள்ளை இவ்வளவு அழகா எழுதும், டீச்சர்?" என்றேன்.

"கடவுளே உங்களுக்குக் கடிதம் போட்டாலும் கையெழுத்தச் சரிபாப்பீங்க சார்," என்று என்னோடு படிப்பிக்கும் தனுஷிகா டீச்சர் சிரித்தார்.

மலையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம்மைத் தோட்டக்காட்டார் என்று ஏளனம் செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தங்களை நல்லவர்களாகத்தானே எழுதுவார்கள் என்று எண்ணினேன். ஆனால் ஒரு பக்கத்தில் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள்: "தண்ணீர் வரிசையில் ஒரு தோட்டக்காட்டு அம்மாவைத் தள்ளிவிட்டு என் குடத்தை வைத்தேன். அவருடைய நீல வாளி உடைந்தது. அதை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு என்னையே பிடிக்கவில்லை."

பேனாவை மூடிவிட்டேன். பொய் எழுதுகிறவர் தன்மேல் பழி போட்டுக்கொள்ள மாட்டார்.

அதே யுத்த நாட்களில் ஒரு மத்தியானம் தண்ணீருக்குப் போன நீங்கள் உடைந்த நீல வாளியோடு வந்து, தடுக்கி விழுந்ததாகச் சொன்னீர்கள். கண் தெரியவில்லையா என்று நான் கத்தினேன்.

என் பழைய கம்பளிச் சட்டையையும் கொஞ்சம் மிளகாய்த்தூளையும் அனுப்புங்கள். தபால்காரர் வாசலில் நிற்கிறார். சர்மிளாவிடம் சொல்லி எழுத வைக்காமல் நீங்களே பதில் எழுதுங்கள், அம்மா. அன்று நீங்கள் தடுக்கித்தான் விழுந்தீர்களா?

உங்கள் மகன்,
ஜீவராஜ்