நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

நான் மொழிபெயர்த்த புத்தகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வாசகர் தளத்தில் நாற்பத்தொரு கருத்துகள். இத்தாலியப் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று ஒருவர். துப்பறியும் அதிகாரிக்கு யாராவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்திருக்கலாம் என்று இன்னொருவர். மூன்றாமவர் கேட்கிறார்: ‘தூக்க இலையைக் குடித்த மருந்துக்கடைக்காரர் எப்படிச் செத்தார்? கதாசிரியருக்கே குழப்பம் போல.’ அளவு மீறிக் குடித்தார் என்பதுகூடவா புரியாது? அரைகுறையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல மட்டும் முதல் ஆளாக வந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “எழுதினவன் அங்க நிம்மதியா இருக்கான். திட்டெல்லாம் உனக்கு” என்றார்.

மார்ச் 5

இன்று அந்தப் பக்கமே போகவில்லை. பொய். இரண்டு முறை போனேன்.

மார்ச் 8, சனி. காலை

‘கோட்டான்’ என்ற பெயரில் ஒரு பெண் வியாழக்கிழமை எழுதியிருக்கிறாள். நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

‘கதை சுமார்தான். ஆறு மாதமாகத் தூக்கம் வராத மாமனாருக்கு வாசித்துக் காட்ட எடுத்தேன். பாதிதான் முடிந்திருக்கிறது. ஆனால் 143ஆம் பக்கத்தால் ஒரு பலன். அந்த விரலுறைப் பூச்செடி எங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு இலையைக் காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.’

முதலில் சிரித்தேன். பிறகு சும்மா ஒரு சந்தேகத்துக்கு இத்தாலிய மூலத்தை எடுத்துப் பார்த்தேன்.

மூலிகைக்காரி மேசையில் இரண்டு செடிகளை வைக்கிறாள். முதலில் விண்மீன் பூ, அடுத்து விரலுறைப் பூ. “அது தூங்க வைக்கும், இது எழவே விடாது” என்கிறாள். அந்த மொழியில் ‘அது’ என்றால் முதலில் சொன்னது, ‘இது’ என்றால் கடைசியாகச் சொன்னது. தெரியாதா எனக்கு? முப்பது வருஷமாகத் தெரியும். வாசகருக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று சுட்டுச் சொற்களை எடுத்துவிட்டுப் பூக்களின் பெயரையே போட்டேன்.

மாற்றிப் போட்டிருக்கிறேன்.

அந்த அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் நடுவில் மகளுக்குப் பிரசவம். நாலு மாதம் கழித்து வந்து உட்கார்ந்தவள் பழையதைத் திருப்பிப் பார்க்கவில்லை. கடைசியில் விரலுறை இலையைக் குடித்துச் சாகும் மருந்துக்கடைக்காரர் அளவு மீறிக் குடித்ததாக நானே எனக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேள்வி கேட்டவர் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்.

ஞாயிறு என்றால் நாளை.

அதே நாள், மதியம்

கோட்டானின் கருத்துக்குக் கீழே நான்கு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை. தளத்துக்காரர்கள் முகவரி தரமாட்டார்களாம். பதிப்பாளரைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். “மேடம், பொதுவுல ஒரு வரிகூட எழுதிடாதீங்க. திங்கட்கிழமை வக்கீலக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்” என்றார். நாளைக்கே காய்ச்சப்போகிறாள் என்றேன். கதையைப் படித்துவிட்டு யாரும் கஷாயம் வைக்க மாட்டார்களாம்.

அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். இன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

என் பெயரைப் போட்டே எழுதினேன்: 143ஆம் பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பிழை, பிழை என்னுடையது, விரலுறைப் பூ விஷம், கோட்டானைத் தெரிந்தவர்கள் உடனே அவரிடம் சொல்லுங்கள் — கீழே என் கைபேசி எண். விரல் பொத்தான் மேலேயே நின்றது. இதோடு எனக்கு வேலை தர ஆளிருக்காது. ஜெயிலுக்குக்கூடப் போவேனோ? பின்னால் நின்றுகொண்டிருந்த அவர் “போடு” என்றார். போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து போன். விளம்பரத்துக்குப் புதுத் தந்திரம் என்றான் ஒருவன். அகராதி வாங்கி அனுப்பட்டுமா என்றான் இன்னொருவன். ஒவ்வொன்றையும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

பத்தரைக்கு ஒரு பெண். சலவைக்கடை முதலாளியாம். கோட்டான் அவளிடம்தான் வேலை செய்கிறாள், கடையில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் எழுதுவாள். எண்ணைக் கொடுத்தாள்.

நாலாவது மணியில் எடுத்தாள். யார் என்று சொன்னதும் சந்தோஷமாக, “அட, நீங்களா!” என்றாள்.

“இலையக் குடுத்துட்டீங்களா?”

“எட்டு மணிக்கே குடுத்துட்டேனே. அரை டம்ளர்தான். அதுக்கப்புறம் வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காரு. வயசாச்சில்ல, ஒத்துக்கல போல.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கத்தினேன் என்கிறார் இவர். அவளிடம் விலாசம் கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வழி சொன்னதும் இவர்தான். இலையையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னோம்.

மார்ச் 10

தீவிர சிகிச்சைப் பிரிவு. நாடி நாற்பதுக்குக் கீழே. கடவுளே, அந்தக் கிழவர் பிழைக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவளே எதிரில் வந்தாள். முப்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கரி அப்பியது போல. அடிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள்.

“அட்டையில உங்க பேரு பெருசா இருந்துச்சுக்கா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன்.”

இதற்கு அவள் அடித்திருக்கலாம்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: நாத்தனார் போலீசுக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்கு ஆசைப்பட்டு அப்பாவுக்கு இவள் விஷம் வைத்துவிட்டாளாம். நாளை காலை விசாரணை. கணவன் வெளியூர் வேலையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. புத்தகத்தில் இருந்தது என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டாள்.

அதே நாள், மாலை

பதிப்பாளர் கூப்பிட்டார். அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டுமாம், போலீஸ் பக்கம் போகவே கூடாதாம். “அது அவங்க குடும்பச் சண்டை. நீங்க எதுக்குப் போய்த் தலையக் கொடுக்கறீங்க?” என்றார். போனை வைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நூறு கொலையை மொழிபெயர்த்திருக்கிறேன், ஒரு போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை.

மார்ச் 12

ஏறினேன். மூலமும் மொழிபெயர்ப்பும் கையில். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அது, இது என்று இரண்டு பேனாக்களை மேசையில் வைத்து விளக்கினேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை அவரே பேனாக்களை இடம் மாற்றி வைத்துக் காட்டினார். கோட்டான் வியாழக்கிழமை எழுதிய கருத்தையும் காட்டினேன்.

“கொல்லப் போறவ ஊருக்கே சொல்லிட்டா செய்வா?” என்றார் பக்கத்திலிருந்த ஏட்டு.

தப்பு முழுக்க என்னுடையது என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மேல் வழக்கு வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மார்ச் 15

நாடி அறுபத்திரண்டு. பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரமாக அடக்கி வைத்ததையெல்லாம் குளியலறையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மார்ச் 27

கடைகளில் இருந்த பிரதிகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். அடுத்த நாவலை வேறு யாரிடமோ கொடுத்தாயிற்றாம். வழக்கு பற்றி இன்னும் தகவல் இல்லை. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் திடுக்கென்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

வியாழன் மதியம் சலவைக்கடை அரை நாள். மூன்று வாரமாக அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குப் போகிறேன். நான் பெரியவருடன் உட்கார்ந்திருப்பேன், அவள் உள்ளறையில் தூங்குவாள்.

இன்று அவர், நான் யார் என்று கேட்டார். இரண்டு வாரமும் நர்ஸ் என்று நினைத்திருந்தாராம். சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகச் சொல்வார் என்று பையைத் தொட்டுக்கொண்டேன்.

“கதை பாதியில நின்னு போச்சே. கடைசியில கொன்னது யாரு?” என்றார்.

“நோட்டரி.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்று தலையணையைச் சரிசெய்துகொண்டார். “சத்தமா பேசாதீங்க. பொண்ணு தூங்குது.”