குரங்கில்லாத மலை

ரங்கூன், மொகல் தெரு
7 பிப்ரவரி 1926

மச்சான் கமாலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் கடையும் சுகம். என் தங்கச்சி சைதாவின் இருமல் நின்றதா? நீ அச்சகமே கதியென்று கிடந்து, பெண்டாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போக மறந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா!

உன் பத்திரிகைக்குச் சொன்ன கட்டுரை இத்துடன் வருகிறது. சீனப் புலவர்களையும், அதே சீன எழுத்தில் பாடிய கொரியாப் புலவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சீனப் புலவன் தன் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி பாடுகிறான். கொரியாப் புலவன் விருந்து வீட்டில் நடக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து அடி வைக்கிறான். நான் காகிதம் விற்கும் சீனப் பள்ளிக்கூடத்து லிம் வாத்தியார், எனக்கு இந்த எழுத்தைச் சொல்லித் தந்தாரே அவர், கொரியாக்காரர்களை ஒரே பேச்சில் தள்ளிவிடுவார். "பார்த்து எழுதுகிற பிள்ளைகள்" என்பார்.

அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சீனத்தில் ஆற்றோரப் பாறைகளில் குரங்கு கத்தும். படகில் போகிறவனுக்கு அது அழுகையாகக் கேட்கும். ஆகையால் பிரிவைப் பாடினால் குரங்கு அழவேண்டும் என்பது அவர்கள் மரபு. கொரியாவில் அந்தக் குரங்கே கிடையாது. ஆனாலும் அங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குரங்கை அழவைத்துப் பாடியிருக்கிறார்கள். காவிரியைக் கண்ணால் காணாமலே காவிரியைப் பாடும் நம் ரங்கூன் புலவர்கள் மாதிரிதான்.

இப்படி இருக்கையில், ஜின்செங் என்னும் மருந்து வேர் விற்க இங்கே வந்து தங்கியிருக்கும் ஹான் என்ற கொரியாக்காரர், காலஞ்சென்ற தம் தகப்பனாரின் பாட்டு ஒன்றைக் காட்டினார். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு எங்களுக்குத் தெரியாது. எல்லாம் தூரிகையால் சீன எழுத்தில் எழுதித்தான் பேசிக்கொள்கிறோம். பாட்டு இதுதான்:

படித்த பாட்டிலெல்லாம் பாறைமேல் குரங்கு அழுகிறது.
எங்கள் மலையில் குரங்கு இல்லை.
நண்பன் போய்விட்டான், ஆறும் இருட்டிவிட்டது;
அழுகிற வேலை என் தலையில் விழுந்தது.

லிம் வாத்தியாரிடம் இதைக் காட்டினேன். "இதைச் சீனத்தில் பிறந்தவன் எழுதியிருக்க முடியாது" என்றார். அவர் வாயாலேயே!

ஹான் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் நாட்டை ஜப்பான்காரன் விழுங்கிவிட்டான். அவர் பாஸ்போர்ட்டில்கூட ஜப்பான் என்றுதான் போட்டிருக்கிறது. "என் தகப்பன் பெயரும் கொரியா என்ற பெயரும் எந்தப் பாஷையிலாவது சேர்ந்து அச்சில் வரட்டும்" என்று எழுதிக் காட்டினார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் தகப்பனார் பெயரைக் கட்டுரையில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். மச்சான், என் மானம் உன் கையில்.

உன் பாரி

நாகப்பட்டினம்
2 மார்ச் 1926

அருமை மச்சான் பாரிக்கு,

வ அலைக்கும் ஸலாம். சைதாவின் இருமல் போயே போய்விட்டது. டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன், தெரிந்துகொள்! ரங்கூன் பட்டுக் கைலி கேட்டு நாலு மாதமாகிறது, அண்ணன் மறந்துவிட்டான் என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் பாட்டு அபாரம். அச்சுக் கோக்கிறவனே படித்துவிட்டு 'ஆகா' என்றான். கட்டுரைதான் நீளம், நம் சந்தாதாரர்கள் கொட்டாவி விடுவார்கள். நோன்பு மலர் வேலை வேறு தலைக்குமேல் கிடக்கிறது. ஆகையால் பாட்டை மட்டும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன். சின்னச் சின்ன மெருகு என் பொறுப்பு. நீ கவலையை விடு.

கமால்

ரங்கூன்
11 ஏப்ரல் 1926

கமாலுக்கு,

பத்திரிகை வந்தது. அது கப்பலோடு கடலில் மூழ்கியிருக்கலாம்.

மடையன் நான், கட்டைப் பிரிக்குமுன்பே ஹானுக்கு ஆள் அனுப்பினேன். அவர் தம் நாட்டு வெள்ளை அங்கி உடுத்திக் கல்யாண வீட்டுக்கு வருகிறவர் போல வந்தார். அச்செழுத்தை விரலால் தடவினார். தகப்பன் பெயர் எங்கே என்று எழுதிக் கேட்டார். நான் தேடுகிறேன், தேடுகிறேன், காணோம். மேலே 'ஒரு பழஞ்சீனப் பாட்டு' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. அச்சில் உள்ளதை வரிவரியாக எழுதிக் காட்டும்படி கேட்டார். இரண்டாவது வரியில் என் கை நின்றுபோயிற்று. 'எங்கள் மலையிலும் குரங்கு அழுகிறது' என்று போட்டிருக்கிறாய்! கடைசி வரி, 'நானும் கூடச் சேர்ந்து அழுதேன்'. அட பாவி, பாட்டின் கழுத்தை நெரித்துவிட்டாயே!

அவர் கோபிக்கவில்லை. நான் எழுதி முடித்த நாலு வரிக்கும் கீழே எழுதினார்: "நல்ல பாட்டு. யார் எழுதியது?" பிறகு எனக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போனார். எனக்கு உயிரை விட்டுவிடலாம் போல இருந்தது.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில் பாட்டை நான் எழுதியபடியே போடு. பெயரும் நாடும் வரவேண்டும். ஹான் மே மாதக் கடைசியில் சிங்கப்பூர் போகிறார். அதற்குள் அவர் கையில் நான் கொடுத்தாக வேண்டும். நோன்பு வாயால் ஏசிவிட்டேன், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். உன்னை மன்னிப்பது நீ போடும் இதழைப் பார்த்து.

பாரி

நாகப்பட்டினம்
29 ஏப்ரல் 1926

மச்சான்,

இது என்ன கோபம்! பெருநாள் சந்தோஷம் ஆறுமுன்பே உன் கடிதம் வந்து வீட்டையே கலக்கிவிட்டது. சைதா சோறு தின்னவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். உன் கட்டுரையை நான் கடைசிவரை படிக்கவில்லை, பாட்டைத்தான் படித்தேன். கொரியா என்று போட்டால் அது ஊரா மருந்தா என்று கேட்பார்கள். சீனம் என்றால் பட்டும் பீங்கானும் கண்ணுக்கு வரும். சீனம் என்று தலைப்பு வைத்தபிறகு குரங்கு இல்லை என்றால் படிப்பவன் சிரிப்பானே, உன் கைதான் தவறியிருக்கும் என்று சரிசெய்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

ஏன், உன் எழுத்தை நான் திருத்தாமல் என்றைக்குப் போட்டேன்? போன வருஷம் அந்த ஊர்ப் பலகாரத்தை நீ மொஹிங்கா என்று எழுதினாய், இங்கே யாருக்குப் புரியும்? இடியாப்பம் என்று போட்டேன். ரங்கூன் போனபிறகு உன் தமிழ் உப்புக் குறைந்த தமிழ், மச்சான். சீர்செய்து சபைக்குக் கொண்டுவந்தவன் நான். ஒரு தடவையாவது வாய் திறந்தாயா? எவனோ வேர் விற்கிறவனுக்காக என்னைப் பாவி என்கிறாய்.

சரி, போகட்டும். ஒரு திருத்தக் குறிப்பு போடுகிறேன். மனசை ஆற்றிக்கொள்.

கமால்

ரங்கூன்
20 ஜூன் 1926

ஆசிரியர் கமால் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் குறிப்பைக் கடைசிப் பக்கத்தில், அத்தர் விளம்பரத்துக்குக் கீழே தேடிக் கண்டுபிடித்தேன். 'சென்ற இதழில் வெளிவந்த பாட்டு, சீன தேசத்தைச் சேர்ந்த கொரியா என்னும் ஊரில் பிறந்த ஒருவர் பாடியது.' பாட்டு இல்லை, பெயர் இல்லை. ஜப்பான்காரன் விழுங்கியது போதாதென்று சீனத்துக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டீர்கள்.

ஹான் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார். போகிற அன்று கடைக்கு வந்தார். கொஞ்சம் பொறுங்கள், சரியாகி வரும் என்று எழுதத் தொடங்கினேன். அவர் என் கையிலிருந்த தூரிகையை வாங்கிக் கழுவி வைத்துவிட்டார். எழுதினால்தானே எங்களுக்குப் பேச்சு? வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சும்மாவே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் எழுந்து போனார்.

இடியாப்பத்தையும் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன், மச்சானாயிற்றே என்று. கடல் கடந்தவன் தமிழ் அவ்வளவுதான் என்று நீங்கள் என்னைப் பற்றி நினைத்தது என்னோடு போகட்டும், நான் தாங்குவேன். ஆனால் இது இன்னொருவர் தகப்பன் பாட்டு. அதைத் தொட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இனி என் எழுத்து உங்கள் பத்திரிகைக்கு வராது.

மற்றொரு காரியம். என் தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாது. நான் அவளுக்கு எழுதியதையெல்லாம் இத்தனை வருஷமும் நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள். எதைக் கூட்டினீர்களோ, எதைக் குறைத்தீர்களோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம். இனிமேல் சைதாவுக்கு எழுதுவதை அடுத்த வீட்டு ஃபக்ருன்னிசா பெயருக்கு அனுப்புவேன். அவள் படித்துச் சொல்லட்டும். நீங்கள் படிக்க வேண்டாம்.

அப்துல் பாரி